2030-ல் ஊசி போட்டா பல் முளைக்குமா? வைரல் செய்தியில் விடுபட்ட பாதிக் கதை!

"இனி பல் போனா கவலையே இல்ல... 2030-ல ஒரே ஒரு ஊசி, புதுப் பல் முளைச்சிடும்!"

இப்படி ஒரு ரீல்ஸ் உங்க ஃபீடுலயும் கண்டிப்பா வந்திருக்கும். ஃபேமிலி குரூப்ல பெரியப்பா ஒரு தடவை, சித்தி ஒரு தடவைன்னு ரெண்டு முறை ஃபார்வேர்டும் ஆகியிருக்கும். கமென்ட் பாக்ஸைத் திறந்தா, 'அப்போ டூத் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுடலாமா ப்ரோ?'ன்னு ஒருத்தர். 'சொத்தைப்பல்லைப் புடுங்கிட்டு 2030 வரைக்கும் வெயிட் பண்றேன்'னு இன்னொருத்தர்.

முதல் கமென்ட் காமெடி. ரெண்டாவதுதான் சீரியஸ். ரூட் கெனால், அதுக்கு மேல ஒரு கேப்புன்னு பல் டாக்டர் ஆயிரக்கணக்கில் ஒரு கணக்கைச் சொன்னதும், "கொஞ்ச நாள் தள்ளிப்போடுவோம்"னு நினைக்காத ஆளே கிடையாது. அந்தத் தள்ளிப்போடலுக்கு இப்போ 'விஞ்ஞானக் காரணம்' ஒண்ணும் சேர்ந்துகிட்டா என்ன ஆகும்? அதனால, அந்த ஊசி உண்மையில் என்ன, யாருக்கு, எப்போன்னு நிதானமா பார்த்துடலாம்.

ஜப்பானில் நடப்பது என்ன?

ஆராய்ச்சி நடக்குறது உண்மைதான். ஒசாகாவில் இருக்கும் கிட்டானோ மருத்துவமனையைச் சேர்ந்த கட்சு தகாஹாஷி என்ற பல் மருத்துவரும், கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பல வருடங்களாக இதில் வேலை செய்கிறார்கள். மருந்தை உருவாக்குவதற்காக 2020-ல் 'டோரெஜெம் பயோஃபார்மா' என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டது.

இதில் ஒரு சுவாரஸ்யம் என்னன்னா, இந்த மருந்து பல்லை 'உருவாக்குற' மருந்தே கிடையாது. பல் வளர்றதைத் தடுக்கும் ஒரு பிரேக்கை விடுவிக்கும் மருந்து.

நம்ம உடம்பில் பி.எம்.பி என்ற புரதம் இருக்கிறது. எலும்பு, பல் எல்லாம் உருவாக 'வேலையை ஆரம்பிங்க'ன்னு சிக்னல் கொடுப்பது இது. இன்னொரு பக்கம், யூ.எஸ்.ஏ.ஜி-1 என்ற புரதம் அந்த சிக்னலை 'போதும், நிறுத்துங்க'ன்னு அடக்குகிறது. இந்த இரண்டாவது புரதம் இல்லாத எலிகளுக்கு வழக்கத்தைவிட அதிகமான பற்கள் முளைப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அப்படியென்றால், அந்தத் தடுப்புப் புரதத்தை மட்டும் பிடித்து வைக்கும் ஒரு ஆன்டிபாடியைச் செலுத்தினால்?

அதைத்தான் செய்தார்கள். பிறவியிலேயே பல் வளராத எலிகளுக்கு அந்த ஆன்டிபாடியைச் செலுத்தியபோது, விடுபட்ட இடத்தில் பல் வளர்ந்தது. அதுவும் ஒரே டோஸில். அடுத்து ஃபெரட் எனப்படும், கீரியின் சாயலில் இருக்கும் சின்ன விலங்கிடம் சோதித்தார்கள். மனுஷங்களைப் போலவே அதற்கும் பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும். அதற்கும் கூடுதலாக ஒரு பல் முளைத்தது. இந்த முடிவுகள் 2021-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியாகின.

2024 இலையுதிர் காலத்தில், கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. 30 வயதிலிருந்து 64 வயது வரையுள்ள 30 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு பல்லாவது இல்லை. மருந்து நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது.

இங்கேதான் ரீல்ஸ் ஒரு விஷயத்தை விழுங்கிடுது. முதல் கட்டச் சோதனையின் முக்கியக் கேள்வி 'பல் முளைக்குதா?' என்பதல்ல. 'இந்த மருந்து உடம்புக்கு ஆபத்தில்லாம இருக்கா?' என்பதுதான்.

அது ஏன் அவ்வளவு பெரிய கேள்வி? நரம்பில் போடும் மருந்து ஈறுக்கு மட்டும் போகாது, உடம்பு முழுக்கச் சுற்றும். பி.எம்.பி சிக்னல் பல்லுக்கு மட்டுமே சொந்தமானதல்ல. பல உறுப்புகளுக்கும் அது தேவை. பிரேக்காக இருக்கும் அந்த யூ.எஸ்.ஏ.ஜி-1 சிறுநீரகத்திலும் தாராளமாக இருக்கிறது. எலிச் சோதனையின்போது பல வகை ஆன்டிபாடிகளை முயன்று பார்த்தார்கள். அவற்றில் சில, எலிக் குட்டிகள் பிறப்பதையும் பிழைப்பதையும் பாதித்தன. பல்லுக்கான சிக்னலை மட்டும் தொடும் ஒன்றைத் தேடிப் பிடித்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்கே வந்தார்கள். ஒரு பல்லுக்காகச் சிறுநீரகத்தை அடமானம் வைக்க யாரும் தயாராக இருக்க மாட்டோம், இல்லையா?

முதல் வரிசையில் யார்?

அடுத்து விடுபட்ட விஷயம் இது. இந்த மருந்து முதலில் யாருக்காகத் தயாராகிறது தெரியுமா? சாக்லேட் சாப்பிட்டுப் பல்லைக் கெடுத்துக்கொண்ட நமக்காக இல்லை. பிறவியிலேயே பல பற்கள் முளைக்காத குழந்தைகளுக்காக.

அந்தக் குழந்தைகளோட நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பால் பல் விழுந்தா அடுத்த பல் வரவே வராது. மெல்ல முடியாது, சில எழுத்துகளைச் சரியா உச்சரிக்க முடியாது. தாடை வளர்ந்துகொண்டே இருப்பதால், சின்ன வயதில் இம்பிளான்ட்டும் பொருத்த முடியாது. வளர்ந்து முடியும் வரை கழற்றி மாட்டும் பல்செட்தான். 'பல் போனா சொல் போச்சு' என்பது தாத்தாக்களுக்கான பழமொழின்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். ஆறு வயசுக் குழந்தைக்கும் அது பொருந்தும்.

அடுத்த கட்டச் சோதனை, பிறவியிலேயே நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் இல்லாத 2 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடத்தத் திட்டமிடப்பட்டுள்ளது. 2030 என்ற ஆண்டு, எல்லாம் சரியாகப் போனால் மருந்தைக் கொண்டுவர ஆய்வுக் குழு வைத்திருக்கும் இலக்கு. 'உங்க ஊரு மெடிக்கல்ல கிடைக்கும்' என்ற தேதி அல்ல.

சொத்தையாலோ விபத்தாலோ பல்லை இழந்த பெரியவர்களுக்கும் ஒருநாள் இது உதவலாம்னு அந்தக் குழு நம்புகிறது. மனுஷங்களுக்குப் பால் பல், நிரந்தரப் பல் தவிர, மூன்றாவது செட் பல்லுக்கான மொட்டுகளும் தாடைக்குள் தூங்கிக்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அந்த மொட்டை எழுப்ப முடியும்னே வெச்சுக்குவோம். அப்பவும், சரியான இடத்துல, சரியான வடிவத்துல, எதிர்ப் பல்லோட பொருந்துற மாதிரி அது முளைக்கணும். கடைவாயில் முன்பல் முளைச்சா என்ன பண்றது? பெரியவங்க விஷயத்துல இதுக்கெல்லாம் பதில் கிடைக்க இன்னும் நாள் இருக்கு.

பல்லுக்குள்ளேயே ஒரு ரிப்பேர் டீம்!

ஜப்பான் கதை ஒரு பாதைதான். இன்னொரு பாதையும் இருக்கிறது. புதுப் பல்லை முளைக்க வைப்பதற்குப் பதிலாக, இருக்கும் பல்லையே சரிசெய்ய வைப்பது.

கையில் கீறல் விழுந்தால் தானே ஆறுது. கால் எலும்பு உடைஞ்சா தானே கூடுது. பல் மட்டும் ஏன் ஆறுவதில்லை? காரணம், பல்லின் வெளிக்கவசமான எனாமல். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான்; எடையில் சுமார் 96 சதவிகிதம் வெறும் தாது உப்பு. அதைக் கட்டும் செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வரும் நேரத்தில் அழிந்துபோகும். வீட்டைக் கட்டி முடிச்சதும் கொத்தனார் ஊரைவிட்டே போன மாதிரி. அதனால, எனாமலில் ஓட்டை விழுந்துட்டா அடைக்க ஆள் இல்லை.

ஆனா, எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கின் கதை வேறு. அதற்கும் உள்ளே, நடுவில், ரத்தமும் நரம்பும் ஓடும் மென்மையான பகுதி இருக்கிறது. பல் வலிக்கும்போது நம்மைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். அங்கே ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் என்றால், தேவைக்கேற்ப வேறு வகை செல்லாக மாறக்கூடிய 'வேலை ஒதுக்கப்படாத' செல். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை 2000-ல் உலகுக்குக் காட்டினார்கள். அந்தக் குழுவில் இருந்த சோங்டாவ் ஷி, தன் ஆறு வயது மகளின் விழுந்த பால் பல்லுக்குள் சிவப்பாகக் கொஞ்சம் திசு இருப்பதைக் கவனித்தார். பால் பல்லிலும் ஸ்டெம் செல்கள் உண்டு என்ற ஆய்வு 2003-ல் வந்தது. நாம கூரை மேல எறியுற அதே பால் பல்! ஜப்பானிலும் கீழ்ப்பல் விழுந்தா கூரை மேல எறிவாங்க என்பது கூடுதல் தகவல்.

சின்ன அடி, சின்னச் சொத்தை என்றால், இந்தச் செல்கள் விழித்துக்கொண்டு உள்பக்கமாக டென்டின் சுவர் எழுப்பும். பெரிய ஓட்டை என்றால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. 'அந்த டீமுக்குக் கொஞ்சம் உற்சாகம் கொடுத்தா என்ன?'ன்னு யோசிச்சது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் ஷார்ப் குழு. அல்ஸைமர் நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட டைட்குளுசிப் என்ற மருந்தில் சின்ன கொலாஜன் பஞ்சை நனைத்து, எலிப் பல்லில் போட்ட ஓட்டைக்குள் வைத்தார்கள். பஞ்சு கரையக் கரைய, அந்த இடத்தில் இயற்கையான டென்டின் உருவானது. 2017-ல் வெளியான ஆய்வு இது. சிமென்ட் வைத்து அடைப்பதற்குப் பதில், பல்லே தன்னை அடைத்துக்கொள்ளும் ஐடியா. ஆனா எலிப் பல்லில் இருக்கும் ஓட்டைக்கும் நம்ம கடைவாய்ப்பல் ஓட்டைக்கும் அளவில் எவ்வளவு வித்தியாசம்னு சொல்லத் தேவையில்லை.

மனிதர்களிடம் நடந்த முக்கியமான சோதனை சீனாவில். விபத்தில் அடிபட்டு, முன்பல்லின் உள்திசு செத்துப்போன குழந்தைகள் 40 பேர். அவர்களில் 30 பேருக்கு, அவர்களுடைய பால் பல்லில் இருந்தே எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களைப் பல்லுக்குள் வைத்தார்கள். மற்ற 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஸ்டெம் செல் வைத்த பற்களில் ரத்த ஓட்டத்தோடு புதிய திசு வளர்ந்திருந்தது; செத்த பல்லுக்கு மறுபடியும் உணர்வு வந்திருந்தது. இது 2018-ல் வெளியானது. ரூட் கெனால் செய்த பல் கிட்டத்தட்ட உயிரில்லாத தூண். இது உயிருள்ள பல். வித்தியாசம் பெரிது. ஆனா, இவர்கள் வளரும் குழந்தைகள், பாதிப்பு விபத்தால் வந்தது என்ற இரண்டு விஷயங்களையும் மறக்கக் கூடாது. வருடக்கணக்கில் சொத்தையும் சீழும் பிடித்த, 35 வயசுக்காரர் பல்லுக்கு இதே ரிசல்ட் வரும்னு இதை வெச்சு சொல்லிட முடியாது.

'பால் பல்லை பேங்க்ல போடுங்க'ன்னு கூப்பிட்டா?

இங்கேதான் பர்ஸுக்கு வேலை வருது. 'உங்க குழந்தையோட பால் பல்லைச் சேமிச்சு வைங்க, நாளைக்கு எந்த நோய் வந்தாலும் அதுவே மருந்து' என்கிற ரீதியில் விளம்பரங்கள் வருகின்றன. இளம் பெற்றோர்களோட பயமும் பாசமும்தான் இதோட முதலீடு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டி நெறிமுறைகள் இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. வணிகரீதியாகச் சேமிக்க அதில் இடமிருப்பது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே; பல் உள்ளிட்ட மற்ற திசுக்களுக்கு அந்த நெறிமுறைகளில் இடமில்லை. அதேபோல, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையாக அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கிறது அது. ஆய்வில் பங்கெடுப்பவரிடம் அதற்காகக் காசு வாங்கக் கூடாது. ஆகவே, 'ஸ்டெம் செல்லில் பல் வளர்த்துத் தர்றோம், இவ்வளவு ஆகும்'னு யாராவது பில் நீட்டினா, அங்கேயே உஷார் ஆகிடுங்க.

ஆராய்ச்சி பொய்னு இதுக்கு அர்த்தம் இல்ல. மேலே சொன்ன எல்லாமே நேர்மையான ஆராய்ச்சிகள். ஆய்வகத்துக்கும் கிளினிக்குக்கும் நடுவுல இருக்கும் பத்து, பதினைந்து வருட இடைவெளிக்குள்ளதான் வியாபாரம் கடை விரிக்குது. அதைத்தான் கவனிக்கணும்.

புதுப் பல்லும் அதே வாய்க்குள்ளதானே?

சரி, மருந்து வந்தே விட்டதுன்னு வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகில் சுமார் 350 கோடி பேருக்கு ஏதாவது ஒரு வாய் நோய் இருக்கிறது. நிரந்தரப் பல்லில் சொத்தை உள்ளவர்கள் சுமார் 200 கோடி. தீவிர ஈறு நோய் உள்ளவர்கள் சுமார் 100 கோடி. பிறவியில் பல் இல்லாததால் இந்த எண்ணிக்கை வரவில்லை. சர்க்கரை, புகையிலை, சரியாகத் துலக்காதது, டாக்டரிடம் போக வசதியில்லாதது என்று நமக்கு நல்லாத் தெரிஞ்ச காரணங்களால்தான் வந்தது.

ஈறு நோயில் போவது பல் மட்டுமல்ல, பல்லைத் தாங்கும் எலும்பும் சேர்ந்து கரைகிறது. அஸ்திவாரம் அரித்துப்போன இடத்தில் புதுத் தூண் நட்டு என்ன பிரயோஜனம்? புதிதாக முளைக்கும் பல்லும் அதே ஈறில்தான் நிற்கணும், அதே கூல்டிரிங்க்ஸில்தான் குளிக்கணும். ஒரு நாளைக்குக் கூடுதல் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு 300 மில்லி கோலாவில் கிட்டத்தட்ட 30 கிராம் இருக்கிறது. ஒரே பாட்டிலில் அன்றைய கோட்டா காலி.

இன்னொரு முரணையும் பாருங்க. பல்லைக் காப்பாற்றும் மலிவான வழிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. ஃப்ளூரைடு பேஸ்ட்டையும், சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற சொட்டு மருந்தையும் 2021-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்தது. அந்தச் சொட்டு மருந்துக்கு ஊசியும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். பட்ட இடம் கறுப்பாகும், அவ்வளவுதான். இதைப் பற்றி எத்தனை ரீல்ஸ் பார்த்திருக்கீங்க? 'பல் முளைக்கும் ஊசி' வைரல் ஆகும். 'சொத்தையை நிறுத்தும் சொட்டு' ஆகாது. ஆனா, இன்றைக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக் குழந்தையின் பல்லைக் காப்பாற்றக்கூடியது ரெண்டாவதுதான்.

அப்போ இன்னிக்கு என்ன பண்ணலாம்?

* பிடுங்க அவசரப்படாதீங்க, காப்பாற்றத் தாமதிக்காதீங்க. சொத்தை எனாமலைத் தாண்டாத வரை, ஃப்ளூரைடால் அதைத் திருப்பவே முடியும். டென்டினில் இருந்தால் சின்ன ஃபில்லிங்கோடு முடியும். உள்திசுவைத் தொட்ட பிறகுதான் ரூட் கெனால். ஒவ்வொரு படி தள்ளிப்போடும்போதும் பில் ஏறும். நாளைக்கு நல்ல மருந்தே வந்தாலும், உயிருள்ள உள்திசு மிச்சம் இருக்கும் பல்லுக்குத்தான் 'தானே சரியாகும்' சிகிச்சைகளில் வாய்ப்பு அதிகம்.

* ஃப்ளூரைடு பேஸ்ட்டில் காலையும் இரவும் ரெண்டு நிமிஷம். துலக்கியதும் துப்பிட்டு விட்டுடுங்க. உடனே வாயில் தண்ணீர் ஊத்தி மொத்தமா கொப்புளிச்சா, ஃப்ளூரைடும் சேர்ந்து போயிடும். ரெண்டு வேளையில் இரவு வேளையைத் தவறவிடவே கூடாது. தூக்கத்தில் எச்சில் குறையும். பாக்டீரியாவுக்கு அதுதான் பார்ட்டி டைம்.

* பைக் விபத்திலோ கிரிக்கெட்டிலோ நிரந்தரப் பல் முழுசா கழன்று விழுந்தா, தூக்கிப் போடாதீங்க! வேரைத் தொடாம, மேல் பகுதியைப் பிடித்து எடுங்க. அழுக்கு இருந்தா தேய்க்காம லேசா கழுவி, முடிந்தால் அதே குழியில் வைங்க. முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்க. வேரின் மேல் ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்கள்தான் பல்லை மறுபடி எலும்போடு பிணைக்கும். இன்றைக்கே உங்க கையில் இருக்கும் திசு மீளுருவாக்க சிகிச்சை இதுதான். பால் பல்லுக்கு மட்டும் இது வேண்டாம்; அதைத் திரும்ப வைத்தால், உள்ளே இருக்கும் நிரந்தரப் பல்லுக்கு ஆபத்து.

* வளர்ந்து முடியாத பல்லில் அடிபட்ட குழந்தை வீட்டில் இருந்தால், 'வேர் முழுசா வளர வைக்க வழி இருக்கா?' என்று டாக்டரிடம் கேளுங்க. வேர் நுனியில் இருந்து ரத்தத்தை உள்ளே வரவழைத்து, அங்கே இருக்கும் ஸ்டெம் செல்களையே வேலை வாங்கும் சிகிச்சை முறை இருக்கிறது. ஆய்வகமும் வேண்டாம், பேங்க்கும் வேண்டாம்.

* பல் முளைக்கும் மருந்து பற்றி அடுத்த ஃபார்வேர்டு வந்தா மூணே கேள்வி கேளுங்க. எலியிடமா, மனுஷனிடமா? எத்தனை பேரிடம்? பாதுகாப்பைப் பார்த்தாங்களா, பல் முளைத்ததைப் பார்த்தாங்களா? முக்கால்வாசி வீடியோ முதல் கேள்வியிலேயே அவுட் ஆகிடும்.

ஜப்பான் குழு ஜெயிக்கணும். நாலு பல் இல்லாம பிறந்த ஒரு குழந்தை முதல் தடவையா கரும்பைக் கடிக்கிற நாள் வரணும். ஆனா, நல்லா முளைச்சு நிக்கிற 32 பல்லை வெச்சுக்கிட்டு நாம அந்த க்யூவில் போய் நிக்க வேண்டியதில்லை. உங்க கடைவாயில் ஒண்ணு ரெண்டு மாசமா 'விண் விண்'னு தெறிச்சுக்கிட்டே இருந்தா, 2030-க்கு ரிமைண்டர் வைக்காதீங்க. இந்த வாரமே ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க மக்களே!